சுண்டெலி ஸ்ட்ரையேட்டம்: ஒரே வெகுமதிக்கு மூன்று பகுதிகளில் மூன்று விதப் பதில். எப்படி ஒப்பிடுவது?

அச்சுநரம்பு (கேள்வி)

வணக்கம். ஸ்ட்ரையேட்டம் என்பது மூளையின் ஆழத்தில், வெகுமதிக்கும் செயல் தேர்வுக்கும் தொடர்புடைய பகுதி. தலை அசையாதபடி பொருத்திய சுண்டெலியில் செய்யும் சோதனை இது. ஒலி கேட்டதும் இடது குழாயையோ வலது குழாயையோ நக்க வேண்டும். ஒரு பக்கம் 80% வாய்ப்பில் 4 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிடைக்கும், மறுபக்கம் 20%. சில பத்து முறைகளுக்கு (ஒரு முறை என்பது ஓர் ஒலி, ஒரு தேர்வு) ஒருதரம் அறிவிப்பில்லாமல் பக்கம் மாறும். நியூரோபிக்ஸல்ஸ் 1.0 என்ற மின்முனை ஊசிகளால் ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பக்க அக்கும்பென்ஸ் கோர், மேல் நடுப்பக்க டார்சோமீடியல் ஸ்ட்ரையேட்டம் (இனி டிஎம்எஸ்), மேல் வெளிப்பக்க டார்சோலேட்டரல் ஸ்ட்ரையேட்டம் (டிஎல்எஸ்) ஆகிய மூன்று இடங்களிலும் பதிவு எடுக்கிறோம்.

வால்வு திறக்கும் கணத்தைப் பூஜ்யமாக வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று மாதிரி இருக்கிறது. அக்கும்பென்ஸில் வெகுமதி கிடைத்ததும் பல நியூரான்கள் அடங்கிவிடுகின்றன. டிஎம்எஸ்ஸில் தண்ணீர் வருவதற்கு முன்பே, தேர்வு நடக்கும் நேரத்தில், இடது வலது வித்தியாசத்தோடு எழுச்சி தெரிகிறது. டிஎல்எஸ்ஸில் வெகுமதிக்குப் பின் அலை அலையாக ஏறி இறங்குகிறது.

கேள்விகள்: வெகுமதி வந்தால் அக்கும்பென்ஸ் கிளர்ச்சி அடையும் என்றுதானே எங்கும் படிக்கிறோம், அடங்குவது எப்படிச் சரியாகும்? டிஎல்எஸ் பதிலை வெகுமதிப் பதில் என்று எழுதலாமா? க்யூ-லேர்னிங் மாதிரியை (கிடைத்த வெகுமதியை வைத்து ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் முறைக்கு முறை திருத்தும் கணக்கு) பொருத்தி ரிக்ரெஷன் ஓட்டினால் மூன்று பகுதியிலும் "செயல் மதிப்பு" நியூரான்கள் ஏராளமாக வருகின்றன, அதை எவ்வளவு நம்பலாம்? கணிப்புப் பிழை (கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம்) எம்எஸ்என் செல்களில் (மீடியம் ஸ்பைனி நியூரான், ஸ்ட்ரையேட்டத்தின் முதன்மைச் செல்) தெரியுமா, டோபமைனில் மட்டும்தானா?

---

நீலப்புள்ளி

அக்கும்பென்ஸிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பார்த்ததில் விபரீதம் எதுவும் இல்லை. ராய்ட்மன், வீலர், கரேலி 2005-இல் எலிகளின் வாய்க்குள் நேரடியாகச் சர்க்கரைக் கரைசலும் கசப்பான குவினைன் கரைசலும் செலுத்திப் பதிவு செய்தார்கள். சர்க்கரைக்குப் பதில் தந்த நியூரான்களில் பெரும்பான்மை அடங்கின, குவினைனுக்குப் பெரும்பான்மை கிளர்ந்தன. குடிக்கும் நேரத்தில் அக்கும்பென்ஸ் அடங்குவது வேறு பல பதிவுகளிலும் வந்த விஷயம். கிளர்ச்சியைத் தேட வேண்டிய இடம் வெகுமதியை முன்னறிவிக்கும் குறியும், காத்திருக்கும் இடைவெளியும். ஷுல்ட்ஸ் குழு 1992-இல் குரங்கின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்தில் (அக்கும்பென்ஸ் அடங்கிய கீழ்ப்பகுதி) காட்டியதும் இந்த எதிர்பார்ப்பு நேரச் செயல்பாட்டைத்தான்; அதோடு வெகுமதி வந்த பிறகு வரும் பதிலும் தனியாக இருந்தது.

ஆனால் உங்கள் இறக்கத்தை அப்படியே ஏற்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் அடிநிலை. வால்வுக்கு முந்தைய அரை வினாடியை அடிநிலையாக எடுத்திருந்தால், அந்த நேரத்தில் நியூரான் எதிர்பார்ப்பில் ஏறி நிற்கும். வெகுமதி வந்ததும் வழக்கமான வேகத்துக்குத் திரும்புவதே இறக்கம் போலத் தெரியும். ஒலிக்கு முந்தைய ஓய்வு நேரத்தை அடிநிலையாக எடுத்து மறுபடி வரையுங்கள். அதற்கும் கீழே போனால்தான் அடங்கல்.

இரண்டாவது வால்வின் சத்தம். சோலினாய்டு வால்வு "டிக்" என்று அடிப்பதே விலங்குக்கு ஒரு குறி. தண்ணீர் நாக்கில் படுவது அதற்குப் பிறகு, முதல் நக்கலில். நக்கல் உணரியின் சிக்னலை வைத்து, வால்வுக்குப் பின் வரும் முதல் தொடுகையைப் பூஜ்யமாக்கி இன்னொரு வரைபடம் போடுங்கள். தண்ணீர் இணைக்காத போலி வால்வு ஒன்றை அருகில் வைத்து, வெகுமதி இல்லாத முறைகளில் அதை அடிக்க விட்டால் சத்தத்தின் பங்கு தனியே பிரியும்.

மூன்றாவது செல் வகை. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கொறிணிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் சுமார் 95% எம்எஸ்என்தான், ஆனால் அவை மெதுவாகச் சுடுபவை. அதனால் பதிவில் மற்ற செல்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறித் தலைகாட்டும். கோலினர்ஜிக் (அசிட்டைல்கோலின் வெளியிடும்) இடைநியூரான்கள் வினாடிக்கு 2 முதல் 10 ஸ்பைக் (மின்துடிப்பு) வரை விடாமல் சுடும். வெகுமதி சார்ந்த குறி வந்ததும் சட்டென்று நின்று மீண்டும் எழும். அவற்றில் சில உங்கள் எம்எஸ்என் கூடையில் விழுந்திருந்தாலும் சராசரியில் இறக்கம் தெரியும். வேறுபாடு நீளத்தில் இருக்கிறது. கோலினர்ஜிக் நிறுத்தம் சில நூறு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். குடிக்கும்போது எம்எஸ்என் அடங்குவது நக்கும் காலம் முழுக்க நீளும்.

பிரிக்கும் அளவுகோல்: ஸ்பைக்கின் பள்ளத்திலிருந்து மேடு வரை 400 மைக்ரோவினாடிக்குக் குறைவாக இருந்தால் வேகமாகச் சுடும் இடைநியூரான் என்று சந்தேகிக்கலாம். அகல ஸ்பைக்காக இருந்து, ஒரு ஸ்பைக்குக்குப் பின் 40 மில்லிவினாடிக்கு மேல் மௌனம் நீடித்தால் கோலினர்ஜிக். மீதி அகல ஸ்பைக்குகள் எம்எஸ்என். எல்லைக்கோட்டில் நிற்பவற்றை எந்தக் கூடையிலும் போடாமல் விடுவது நல்லது.

இன்னொன்று. வினாடிக்கு 1 ஸ்பைக் சுடும் செல்லில் 500 மில்லிவினாடி ஜன்னலுக்குச் சராசரி அரை ஸ்பைக்தான். அது பூஜ்யமானாலும் கொஞ்ச முறைகளில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே "எத்தனை சதவீதம் அடங்கியது" என்பது அந்தப் பகுதியில் வேகமாகச் சுடும் செல்கள் எத்தனை இருந்தன என்பதைப் பொறுத்து ஆடும். மூன்று பகுதிகளை ஒப்பிடும்போது அடிநிலை வேகம் ஒத்த செல்களை ஜோடி சேர்த்து ஒப்பிடுங்கள். இசட்-ஸ்கோர் (மாற்றத்தை அடிநிலையின் சிதறலால் வகுத்த எண்) இந்த ஏற்றத்தாழ்வைச் சரி செய்யாது. மெதுவான செல்லில் ஒற்றை ஸ்பைக்கைப் பூதாகரமாக்கிக் காட்டும்.

---

பதிவுமேசை

டிஎல்எஸ் பற்றி. அந்த அலையின் இடைவெளியை அளந்து பாருங்கள். வினாடிக்கு 6 முதல் 8 வரை வந்தால் அது சுண்டெலி நக்கும் தாளம். வெகுமதி கிடைத்தால் நீளமாக நக்கும், கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நக்கலில் நிறுத்திவிடும். அப்படியிருக்கும்போது "வெகுமதி உள்ள முறை, இல்லாத முறை" என்று பிரிப்பது "நிறைய நக்கிய முறை, கொஞ்சம் நக்கிய முறை" என்று பிரிப்பதுதான்.

பிரிக்க வழி இருக்கிறது. முறைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் விலங்கு சும்மா நக்கும் கணங்களை எடுத்து, அதே நியூரான் அங்கேயும் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் அது நாக்கு நியூரான். பிறகு ஒரு ஜிஎல்எம் (பல காரணிகளின் பங்கைப் பிரித்துக் காட்டும் ரிக்ரெஷன் மாதிரி): ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு கெர்னல் (அந்த நிகழ்வைச் சுற்றி வேகம் மாறும் வடிவம்), நக்கல் தொடரின் ஆரம்பத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, வெகுமதிக்கு ஒன்று, முடிந்தால் முகவீடியோவிலிருந்து தாடை அசைவும். வெகுமதிக் கெர்னலை எடுத்துவிட்டு ஓட்டும்போது, பொருத்தத்துக்குப் பயன்படுத்தாத முறைகளில் கணிப்புத் திறன் குறைகிறதா என்பதே கேள்வி. பயிற்றுவித்த தரவிலேயே பார்த்தால் எல்லாமே "குறையும்". கடைசியாக, வெகுமதி இல்லாத முறைகளிலிருந்து நக்கல் எண்ணிக்கை ஒத்தவற்றைத் தேடி ஜோடி போடுங்கள். அப்படி ஜோடி போதிய அளவு கிடைக்கவில்லை என்றால் அந்த அமர்வில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று எழுதிவிடுவதே நேர்மை.

இதில் ஊசி எங்கே நின்றது என்பது எல்லாவற்றையும் மாற்றும். டிஎல்எஸ் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் உடல் வரைபடம் இருக்கிறது. மேல்பகுதியில் கை கால் சம்பந்தமான கார்டெக்ஸ் உள்வரவு அதிகம். ஆழத்தில், வென்ட்ரோலேட்டரல் பக்கம் போகப் போக வாய், நாக்கு. அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினால் நக்கல் நியூரான்கள் குவியும், அதை யாரோ "வெகுமதிப் பகுதி" என்று எழுதிவிடுவார்கள்.

தோராய இலக்குகள், பிரெக்மாவையும் (மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளி) டியூராவையும் (மூளையின் வெளியுறை) வைத்து: அக்கும்பென்ஸ் கோருக்கு முன்னால் 1.2, பக்கவாட்டில் 1.2, ஆழம் 4.2 மி.மீ. டிஎம்எஸ்ஸுக்கு முன்னால் 0.7, பக்கவாட்டில் 1.5, ஆழம் 2.7. டிஎல்எஸ்ஸுக்கு முன்னால் 0.5, பக்கவாட்டில் 2.5, ஆழம் 2.7. டிஎம்எஸ்ஸில் நடுக்கோட்டுக்கு ரொம்ப நெருங்கினால் பக்க வென்ட்ரிக்கிளுக்குள் போய்விடும்.

உங்களுக்குச் சாதகமான ஒன்று: நியூரோபிக்ஸல்ஸ் 1.0-இல் ஒரே சமயம் பதிவாகும் 384 சேனல் சுமார் 3.8 மி.மீ. நீளத்தை மூடும். முன்னால் 1.2-இல் செங்குத்தாக இறக்கினால் ஒரே ஊசியில் மேலே டார்சல் ஸ்ட்ரையேட்டமும் கீழே அக்கும்பென்ஸும் வந்துவிடும். அதே விலங்கு, அதே அமர்வு, அதே தாகம். வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு பகுதியை எடுத்து ஒப்பிடுவதைவிட இது பல மடங்கு வலுவானது. டிஎல்எஸ்ஸுக்கு மட்டும் இரண்டாவது ஊசி.

இறக்கும்போதே எல்லை தெரியும். கார்டெக்ஸின் சலசலப்பு முடிந்ததும் கார்பஸ் கலோசம் என்ற நரம்பிழைக் கட்டு வழியாகப் போகையில் ஸ்பைக்கே இல்லாத ஒரு பட்டை வரும், அதைத் தாண்டினால் ஸ்ட்ரையேட்டம். ஆழத்தில் ஆண்டீரியர் கமிஷர் என்ற நரம்பிழைக் கட்டு இன்னொரு மௌனப் பட்டை. கோர் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஊசியில் டிஐ என்ற ஒளிரும் சாயம் தடவி இறக்கி, பிறகு துண்டுகளை அட்லஸோடு பொருத்தி, ஒவ்வொரு சேனலுக்கும் இடம் எழுதுங்கள். அக்கும்பென்ஸின் கோர் (உள்பகுதி), ஷெல் (வெளிப்பகுதி) பிரிவுக்கு வேறு வழியே கிடையாது.

தண்ணீர் அளவையும் சரிபாருங்கள். வால்வை 100 தடவை திறந்து சேர்ந்த தண்ணீரை நிறுத்தால் 4 மைக்ரோலிட்டருக்கு 0.4 கிராம் வர வேண்டும். இரண்டு குழாயையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். ஒரு குழாயில் 3.5, மற்றதில் 4.5 என்று போனால் அந்தப் பக்கச் சாய்வு முழுவதும் பிறகு டிஎம்எஸ் "செயல் மதிப்பு" என்ற பெயரில் திரும்பி வரும். 4 மைக்ரோலிட்டர் வீதம் 250 சொட்டு குடித்தால் 1 மில்லிலிட்டர் ஆகிவிடும், தாகம் தணிந்திருக்கும். முதல் மூன்றில் ஒரு பங்கையும் கடைசி மூன்றில் ஒரு பங்கையும் பிரித்துப் பார்க்காமல் சராசரி போட வேண்டாம்.

---

எண்கோலம்

செயல் மதிப்பு விஷயம் இந்தத் துறையில் ஒரு புண். தயவுசெய்து இதைக் கவனமாகச் செய்யுங்கள்.

க்யூ மதிப்பு முறைக்கு முறை மெதுவாக மாறும் எண். நியூரானின் வேகமும் அமர்வு முழுக்க மெதுவாக நகரும்: ஊசி லேசாக நகர்வது, விழிப்பு குறைவது, தாகம் தணிவது என்று காரணங்கள் பல. மெதுவாக நகரும் இரண்டு தொடர்களை ரிக்ரெஷனில் போட்டால், சம்பந்தமே இல்லாவிட்டாலும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே அடிக்கடி விழும். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் தனித்தனிச் சான்று என்று அந்தச் சோதனை நம்பிக்கொண்டிருக்கிறது. எல்பர்-டொரோஸ்கோவும் லோவென்ஸ்டீனும் 2018-இல் ஈலைஃப் இதழில் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். வெறும் சீரற்ற நடை போடும் கணினி நியூரான்களை எடுத்தாலும், அந்தச் சோதனைக்குத் தொடர்பே இல்லாத மோட்டார் கார்டெக்ஸ், செவிக் கார்டெக்ஸ் பதிவுகளை எடுத்தாலும், வழக்கமான முறை "செயல் மதிப்பு" நியூரான்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

செய்ய வேண்டியது: உங்கள் நியூரானை அதே அமர்வின் க்யூவோடு பொருத்திப் புள்ளியியல் எண்ணை எடுங்கள். பிறகு அதே நியூரானை மற்ற அமர்வுகளின் க்யூவோடு பொருத்துங்கள், நீளத்தைச் சமமாக வெட்டிக்கொண்டு. சொந்த அமர்வின் எண் அந்தக் கூட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே உண்மையான பி-மதிப்பு. 0.05 வேண்டுமென்றால் குறைந்தது 19 மற்ற அமர்வுகள் வேண்டும், ஏனெனில் 19-இல் கிடைக்கக்கூடிய ஆகச் சிறிய மதிப்பே இருபதில் ஒன்று. முறைகளை இஷ்டத்துக்குக் கலைத்துப் போடுவது பயன்படாது. கலைத்தால் மெதுவான நகர்வே அழிந்துபோகும், பிறகு எதனோடு ஒப்பிடுவது?

சோதனை வடிவத்திலும் ஒரு குறை இருக்கிறது. 80/20, 20/80 என்று மட்டும் மாற்றினால் இடது மதிப்பு ஏறும்போது வலது மதிப்பு இறங்கும். "இடது மதிப்பு", "வலது மதிப்பு", "இரண்டின் வித்தியாசம்" மூன்றையும் பிரிக்கவே முடியாது. சமேஜிமா, உயேடா, டோயா, கிமுரா 2005-இல் குரங்கில் செய்தபோது 90-50, 50-90, 50-10, 10-50 என்ற மாதிரி பிளாக்குகள் வைத்தார்கள். ஒரு பக்கம் 50-இல் நிற்க மறுபக்கம் மட்டும் 90-க்கும் 10-க்கும் மாறுவதால் பக்கங்கள் பிரிகின்றன. உங்களால் இனி வரும் அமர்வுகளில் இப்படி மாற்ற முடிந்தால் உடனே மாற்றுங்கள்.

கணிப்புப் பிழைக்கு வருவோம். பிழை என்ற ஒற்றை எண்ணை ரிக்ரெஷனில் போட்டு "பொருந்துகிறது" என்று எழுதுவது போதாது. பிழை என்பது கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தது. கிடைத்தது பெரிதாக ஆடும் எண், 0 அல்லது 1. வெறும் வெகுமதிக்குப் பதில் தரும் நியூரானும் பிழையோடு அழகாகப் பொருந்திவிடும். கிடைத்ததையும் எதிர்பார்த்ததையும் தனித்தனி மாறிகளாகப் போடுங்கள். வெகுமதிக்குக் கூட்டல், எதிர்பார்ப்புக்குக் கழித்தல், இரண்டும் ஒரே நேர ஜன்னலில் வந்தால்தான் பிழை. பெரும்பாலான எம்எஸ்என்களில் நீங்கள் பார்க்கப் போவது வெகுமதி மட்டும், அல்லது தேர்ந்ததன் மதிப்பு மட்டும், அல்லது செயலும் வெகுமதியும் கலந்த ஒன்று. அதில் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை, எம்எஸ்என்னின் வேலை அதுதான்.

மனித எஃப்எம்ஆர்ஐயில் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் கணிப்புப் பிழையைக் காட்டுகிறதே என்றால், அந்தச் சிக்னல் எம்எஸ்என் ஸ்பைக்குகளின் எண்ணிக்கை அல்ல. அங்கே வந்து சேரும் சினாப்ஸ் உள்வரவும் டோபமைனும் அதில் கலந்திருக்கின்றன. உங்கள் ஸ்பைக் தரவு அதோடு முரண்படுவதாக எழுத வேண்டாம்.

---

காடேட்வால்

மேலே சொன்னதோடு, பகுதி வேறுபாட்டை எப்படிச் சட்டகத்தில் வைப்பது என்பதற்கு இரண்டு முன்மாதிரிகள். இட்டோவும் டோயாவும் 2015-இல் எலிகளில் உங்கள் மூன்று பகுதிகளையுமே ஒரே சோதனையில் பதிவு செய்தார்கள். முறை தொடங்கும் நேரத்தில் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்தில் நிலை மதிப்பு (எந்தச் செயல் என்று பார்க்காமல் அந்த நிலையில் எதிர்பார்க்கும் வெகுமதி) வலுவாக இருந்தது, தேர்வு நடக்கும்போது டிஎம்எஸ்ஸில் செயலும் செயல் மதிப்பும், டிஎல்எஸ்ஸில் செயல் கட்டளை, அதுவும் ஒரே தேர்வு திரும்பத் திரும்ப வரும்போது அதிகம். ஆகவே "எந்தப் பகுதி வெகுமதிக்கு அதிகம் பதில் தருகிறது" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எந்தத் தகவல், எந்தக் கணத்தில், எங்கே உச்சம் என்று நேர அச்சில் மூன்று கோடாக வரைந்தால் உங்கள் தரவு பேசும். நீங்கள் சொன்ன டிஎம்எஸ் எழுச்சி இதில் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, முன்-பின் அச்சு. கிம்மும் ஹிகோசாகாவும் 2013-இல் குரங்கின் காடேட்டில் (ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதி) காட்டியது: தலைப்பகுதி, மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பைப் பின்தொடர்கிறது, வால்பகுதி, நீண்ட நாள் பழகி நிலைத்துப்போன மதிப்பை வைத்திருக்கிறது. தலையை மஸ்ஸிமோல் என்ற அடக்கும் மருந்து போட்டு அணைத்தால் மாறும் மதிப்பு கெடும், வாலை அணைத்தால் நிலைத்த மதிப்பு கெடும். ஆகவே பிளாக் மாற்றம் மட்டும் உள்ள சோதனையில் வால்பக்கம் ஊசி இறக்கி "இங்கே மதிப்பே இல்லை" என்று சொன்னால் அது சோதனையின் குறை. சுண்டெலியின் ஸ்ட்ரையேட்ட வாலுக்கு டோபமைன் வரவே வேறு விதம்: மெனெகாஸ் குழு 2018-இல் அந்த டோபமைன் அச்சிழைகள் (ஆக்ஸான்) அச்சுறுத்தும் தூண்டலுக்குப் பதில் தருவதையும் விலகலை வலுப்படுத்துவதையும் காட்டினார்கள்.

டோபமைன் மற்ற மூன்று பகுதியிலும்கூட ஒரே மாதிரி இல்லை. பார்க்கர் குழு 2016-இல் பார்த்ததில் அக்கும்பென்ஸுக்கு வரும் டோபமைன் அச்சிழைகளில் வெகுமதி சார்ந்த சிக்னல் வலுவாகவும், டிஎம்எஸ் அச்சிழைகளில் எதிர்ப்பக்கத் தேர்வு சார்ந்த சிக்னல் வலுவாகவும் இருந்தன. ட்சுட்சுய்-கிமுரா குழு 2020-இல் டிஎல்எஸ் அச்சிழைகளின் பதில் நேர்மறைப் பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். மற்ற இடங்களில் தெரியும் இறக்கம் அங்கே அவ்வளவாக இல்லை. உங்கள் ஊசி எந்த அரைக்கோளத்தில் இருந்தது என்பதை இடது, வலது என்று எழுதாமல் அதே பக்கம், எதிர்ப்பக்கம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அரைக்கோளங்களைச் சேர்க்கும்போது டிஎம்எஸ் விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும்.

---

அச்சுநரம்பு

மிக்க நன்றி. அலை இடைவெளியை அளந்தேன், வினாடிக்கு 7 வருகிறது. ஜிஎல்எம் ஓட்டுகிறேன். புதிய பிளாக்குகளையும் வைக்கிறோம். இன்னொரு சின்னக் கேள்வி: எம்எஸ்என்களை டி1, டி2 என்று (எந்த டோபமைன் ஏற்பி உள்ளது என்பதை வைத்து) பிரிக்க ஃபைபர் ஃபோட்டோமெட்ரியில் (ஒளியிழை வழியாக ஒளிர்வை அளப்பது) ஜீகேம்ப் (கால்சியம் ஏறினால் ஒளிரும் புரதம்) எடுத்து, மூன்று பகுதியின் வெகுமதிப் பதில் உயரத்தை நேரடியாக ஒப்பிடலாமா?

---

நீலப்புள்ளி

உயரத்தை நேரடியாக ஒப்பிடக் கூடாது. வைரஸ் எவ்வளவு ஏறியது, ஃபைபர் முனை எவ்வளவு தள்ளி நிற்கிறது, பின்னணி ஒளிர்வு எவ்வளவு என்பவை பகுதிக்குப் பகுதி மாறும். டெல்டா-எஃப்/எஃப் (அடிநிலை ஒளிர்வோடு ஒப்பிட்ட மாற்றம்) போட்டாலும் முழுதாகச் சரியாகாது. ஒவ்வொரு அமர்விலும், சோதனைக்கு வெளியே, எதிர்பாராத நேரத்தில் சில இலவசச் சொட்டுகள் கொடுங்கள். அந்தப் பதிலை அந்த ஃபைபரின் அளவுகோலாக வைத்து, சோதனைக்குள் வரும் பதிலை அதன் விகிதமாக எழுதுங்கள். விகிதங்களை ஒப்பிடலாம்.

405 நானோமீட்டர் கட்டுப்பாட்டுச் சேனலை 470 நானோமீட்டர் சிக்னல் சேனலுடன் பொருத்திக் கழிக்கும்போது, பொருத்தும் கெழு எதிர்மறையாக வந்தால் அந்த அமர்வைத் தள்ளிவையுங்கள். அசைவைத் திருத்துவதற்குப் பதில் சிக்னலையே புரட்டிவிடும். நக்கும்போது தலைக்கம்பி அதிரும், அதுவும் 7 ஹெர்ட்ஸில்தான் வரும்.

லெகாரியா குழு 2022-இல் காட்டியதை மறக்க வேண்டாம்: ஸ்ட்ரையேட்டத்தில் ஃபோட்டோமெட்ரி கால்சியம் பெரும்பாலும் செல் உடலுக்கு வெளியே, கிளைகளில் நடக்கும் மாற்றம். ஆகவே உங்கள் ஊசியில் அடங்கிய அக்கும்பென்ஸ் ஃபைபரில் ஏறிக் காட்டினால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஸ்பைக் அளவிலேயே டி1, டி2 பிரிக்க வேண்டுமென்றால் சானல்ரோடாப்சின் (ஒளி பட்டால் நியூரானைச் சுடவைக்கும் புரதம்) போட்டு, ஊசியோடு ஒளியிழையும் இறக்கி, ஒளிக்குச் சில மில்லிவினாடிக்குள் நிலையான தாமதத்தில் சுடுபவற்றையும், அந்த ஸ்பைக்கின் வடிவம் தானாகச் சுடும்போது வரும் வடிவத்தோடு ஒத்திருப்பவற்றையும் மட்டும் ஏற்க வேண்டும். எம்எஸ்என்கள் ஒன்றையொன்று அடக்குபவை, கிளர்த்துவதில்லை; எனவே தாமதமாக வரும் ஸ்பைக்குகளை "மறைமுகமாகத் தூண்டப்பட்ட டி1" என்று சேர்த்துக்கொள்ள இடமில்லை.